கடைசி கேபின்

ராஜியின் வேலை, காதால் கேட்டதைக் கையால் அடிப்பது. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்வார். அங்கே பகல் முழுவதும் பேசியது இங்கே விடிவதற்குள் வரிசையில் வந்து நிற்கும். காலை ஷிஃப்டில் ராஜி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை வரி வரியாக எழுத்தாக்குவாள். காலடியில் தையல் மிஷின் மிதி போல ஒரு பெடல். முன்னால் அழுத்தினால் குரல் ஓடும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். ஹைதராபாத் அமீர்பேட்டில் ஜாவா, டாட்நெட் கோச்சிங் பலகைகள் மறைத்த ஒரு மாடியில், பெரிய கூடம் நிறைய ஆட்கள் இப்படி மிதித்துக்கொண்டே இருப்பார்கள்.

2011 ஜூனில் ஒரு புது டாக்டரின் குரல் அவளுக்கு வந்தது. மலைப்பிரதேசத்துக்காரர் போல, நோயாளிகள் இருநூறு மைல் தள்ளி இருந்தார்கள். ‘இவரை இன்று வீடியோ வழியாகப் பார்த்தேன்’ என்றுதான் ஒவ்வொரு குறிப்பும் தொடங்கியது. அன்றைய முதல் நோயாளி முப்பத்தைந்து வயதுப் பெண். விபத்து, முதுகுவலி, அதற்கு எழுதிக் கொடுத்த மாத்திரை. வலி குறைந்த பிறகும் மாத்திரையை நிறுத்த முடியவில்லை. தாமதமானால் கொட்டாவி, மூக்கு ஒழுகல், உடம்பெல்லாம் புல்லரிப்பு. கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை என்கிறார்.

ராஜி குதிகாலை அழுத்தினாள். குரல் பின்னால் போய் மறுபடி அதையே சொன்னது. கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை என்கிறார். மேஜைக்கு அடியில் அவளுடைய இடது முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள். கையை எடுத்ததும் மறுபடி ஆடியது.

இரண்டு வருடம் முன்னால் பாரடைஸ் சந்திப்பில் ஓர் ஆட்டோ இடித்து, கணவன் மோகனின் ஸ்கூட்டரிலிருந்து அவள் விழுந்தாள். அவனுக்கு ஒரு சிராய்ப்பு. அவளுக்கு முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கியது. எலும்பு டாக்டர் சில நாட்களுக்கு மட்டும் என்று டிரமடால் என்ற வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார். முதலில் வலிக்காகப் போட்டாள். பிறகு ஷிஃப்ட் முழுக்க உட்கார வேண்டுமே என்று போட்டாள். பிறகு, போடாத காலை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. வீட்டுப் பக்கம் போவன்பள்ளியில் ஒரு கடை, பேகம்பேட்டில் ஒரு கடை, அமீர்பேட்டில் இரண்டு என்று மாற்றி மாற்றி வாங்கினாள். யாரும் சீட்டு கேட்டதில்லை. கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் சின்ன அறையில் மாத்திரை அட்டையை மடித்து வைத்திருப்பாள். எப்போதாவது மாத்திரை தாமதமாகும் நாளில் மூக்கு ஒழுகினால் தூசி அலர்ஜி என்றாள். அப்படித்தான் நம்பவும் செய்தாள்.

அந்தக் குறிப்பை அடித்து முடித்தபோது நம்பமுடியாமல் போயிற்று.

அவளுக்கு டாக்டர்களுக்குக் குறைவில்லை. மோகன் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தான். குடும்பம் முழுவதற்கும் மருத்துவ அட்டை உண்டு. ஆனால் அந்த அட்டையைக் காட்டி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பில் அவன் ஆபீசுக்குத்தான் போகும். அங்கே அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் சம்பந்தம் சார், அடுத்த தெருக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் முருகன் கோயிலில் அவரைப் பார்க்காமல் வர முடியாது. மனநல டாக்டர், போதை என்ற இரண்டு சொற்களும் அவர் மேஜையைக் கடந்தால் திங்கட்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஷிஃப்ட் மதியம் முடியும். இரண்டு கட்டிடம் தள்ளி ஒரு நெட் சென்டர். பையன்கள் ரெஸ்யூம் பிரிண்ட் எடுக்க வரிசையில் நிற்பார்கள். முதலாளியை எல்லாரும் ராஜண்ணா என்று கூப்பிட்டார்கள். அவன் பையன்களிடம் தெலுங்கிலும் மற்றவர்களிடம் ஹைதராபாத் ஹிந்தியிலும் பேசுவான். அங்கே ஒரு கேபினில் உட்கார்ந்து ராஜி தமிழில் தேடினாள். மதுரையில் டாக்டர் தேவசகாயம் என்ற மனநல மருத்துவர் தமிழிலேயே ஒரு வலைப்பக்கம் வைத்திருந்தார். வலி மாத்திரைக்கு அடிமையானவர்களைப் பற்றி நீளமாக, அதட்டாமல் எழுதியிருந்தார். வெளியூர்க்காரர்களை ஸ்கைப்பில் பார்ப்பதுண்டு என்று கீழே ஒரு வரி. அவள் மெயில் போட்டாள். புதன்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லி பதில் வந்தது.

ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரியாது. ஆனாலும் அவளுக்குத் தைரியம் இருந்தது. அமீர்பேட்டில் தமிழில் பேசுவது கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது மாதிரி.

முதலில் குரல் வந்தது, பிறகுதான் முகம். நரைத்த மீசை, பின்னால் காலண்டர், கையில் டீ கிளாஸ்.

"சொல்லுங்கம்மா. ஒரு நாளைக்கு எத்தனை?"

சொன்னாள். டாக்டரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எப்போதாவது வலிப்பு வந்ததா, வேறு மாத்திரை உண்டா, தூக்கம் எப்படி, சாகலாம் என்று தோன்றியதா என்று வரிசையாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னாள். அப்படி உண்மையாகச் சொல்வதே ஒரு மாதிரி போதையாக இருந்தது.

"வீட்டுல யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக்காரருக்குத் தெரியும் டாக்டர்."

"பக்கத்துல இருக்காரா?"

"ஆபீஸ் போயிருக்கார்."

"அடுத்த தடவை வரச் சொல்லுங்க. இதே மாத்திரையை வெச்சுத்தான் இறங்கப் போறோம், படிப்படியா. ஒரேயடியா நிறுத்தக் கூடாது. நிறுத்திட்டு, தாங்க முடியாம ரெண்டு மடங்கு போட்டு, வலிப்பு வந்தவங்களை நான் பாத்திருக்கேன். மாத்திரை உங்க கையில இருக்கக் கூடாது. அவர் வெச்சிருந்து, வேளைக்கு எடுத்துக் குடுக்கணும். அதோட ஒருதடவை நேர்ல வரணும். ஸ்கிரீன்ல பாத்தே எல்லாம் முடிஞ்சிராது."

"சரி டாக்டர்."

கைப்பை மடியில் இருந்தது. அதற்குள் அட்டை இருந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் ராஜி உண்மையிலேயே குறைத்தாள். டாக்டர் சொன்ன அளவுதான். அவளே போலீஸ், அவளே திருடன். உடம்பு அதற்கு ஈடு கேட்டது. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தாலும் உட்கார முடியவில்லை. பாரடைஸில் இறங்கி மிச்ச தூரத்தை நடந்தாள். நடக்கும்போது பரவாயில்லை. நின்றால் தொடைக்குள் ஏதோ ஊர்ந்தது. வீட்டில் குக்கர் மூன்று விசில் விடும்வரை நிற்கப் பொறுமை இல்லாமல் ஹாலுக்கும் சமையலறைக்கும் அலைந்தாள். பத்து வயது ஸ்ரேயா சாப்பாட்டு மேஜையில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்.

"மம்மி, டேபிள் ஊகுதோந்தி."

மேஜை ஆடுகிறது என்கிறாள். ராஜி காலை இழுத்துக்கொண்டாள். மகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்.

புதன்கிழமைகள் வந்தன. ‘அவர் ஆடிட்னு போயிருக்கார் டாக்டர்.’ ‘இன்னிக்கு லீவு கிடைக்கலை டாக்டர்.’ தேவசகாயம் புருவத்தை உயர்த்துவார், எழுதிக்கொள்வார். அளவு பாதிக்கும் கீழே வந்திருந்தது. ஒரு புதன்கிழமை அவள் அழுதாள். ஏன் என்று டாக்டர் கேட்டதற்கு, மகளை அடித்துவிட்டதாகச் சொன்னாள். பென்சில் கீழே விழுந்த சத்தத்துக்காக. சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

கல்லாவில் ராஜண்ணா எழுந்து நின்றான். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, அடுத்த வாரத்துலேர்ந்து அந்தக் கடைசி கேபினை உங்களுக்குன்னு வெச்சிடறேன். அங்க ஃபேன் சத்தம் ஜாஸ்தி. நீங்க பேசறது வெளிய கேக்காது."

சுத்தமான தமிழ். ராஜிக்குக் காது அடைத்தது.

"நீங்க தமிழா?"

"லாலாகூடா அக்கா. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தார். எம் பேரு சூசைராஜ். இங்க எல்லாரும் ராஜண்ணான்னுட்டாங்க."

"எவ்வளவு நாளா கேட்டுட்டிருக்கீங்க?"

அவன் முகம் கறுத்தது. "கேக்கணும்னு கேக்கலக்கா. பலகைதானே நடுவுல. இன்னிக்கு நீங்க அழுதீங்க, அதான்..."

அவள் படியிறங்கினாள். பின்னால் அவன் "அக்கா" என்று ஒருமுறை கூப்பிட்டது கேட்டது.

அவன் யாரிடமும் சொல்லமாட்டான் என்று முகமே சொன்னது. அது அவளுக்கு உதவவில்லை. லாலாகூடாவில் மோகனின் பெரியம்மா மகன் இருந்தான். சம்பந்தம் சாரின் மைத்துனர் அங்கே சர்ச்சுக்குப் பக்கத்தில் குடியிருந்தார். இந்த ஊரில் தமிழர்கள் சிதறித்தான் கிடந்தார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாதவர் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யார் யாருக்குச் சொல்ல முடியும் என்று மனசு கோடு இழுத்துக்கொண்டே போயிற்று. வீடு வந்தபோது முடிவு செய்திருந்தாள். இனி நெட் சென்டர் வேண்டாம், டாக்டர் வேண்டாம். பாதிக்கு மேல் இறங்கியாயிற்று. மிச்சத்தைத் தானே முடித்துவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் மாலையே கண்ணிலும் மூக்கிலும் நீர். அதற்கடுத்த நாள் வயிறு கலங்கியது. வேலைக்கு லீவு சொன்னாள். படுத்தால் கால்கள் சைக்கிள் மிதித்தன. குளிர்ந்தது, போர்த்தினால் வேர்த்தது. வெளியே காய்கறி மார்க்கெட்டுக்குள் நுழையும் லாரிகளின் ஹாரன் ஒவ்வொன்றும் பல்லில் வந்து இடித்தது. தன் தோலைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வேறு எங்காவது போய்விட வேண்டும் போலிருந்தது.

"வைரல் ஃபீவர்," என்றான் மோகன். "எங்க செக்‌ஷன்ல பாதிப் பேருக்கு இருக்கு. வா, டிஸ்பென்சரி போலாம்."

"நக்கோங்க, வேண்டாம். தானா சரியாயிடும்."

"நிக்கவே முடியல உன்னால. வாயை மூடிட்டு வா."

டிஸ்பென்சரியில் பெரிய கூட்டம். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார், ஹிந்தியில். வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா?

மோகன்தான் பதில் சொன்னான். "இவளா சார்? தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டா."

ராஜி அவன் பக்கத்தில்தான் நின்றாள். உடம்பு வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். வலிக்கிறது என்றாள். அவர் எழுதினார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் பாராசிட்டமாலும் இன்னொரு அட்டையும் கொடுத்தார்கள். அரசாங்க சப்ளை, பளபளப்பில்லாத அட்டை. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை அவள் மோகனின் கையிலிருந்தபடியே படித்துவிட்டாள். டிரமடால்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தான். பிறகு ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். எடுத்து விழுங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் கால்கள் நின்றன. அவ்வளவு எளிதாக, யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி. மூக்கு காய்ந்தது. தெருவில் லாரிச் சத்தம் வெறும் லாரிச் சத்தமானது. எழுந்து உட்கார்ந்து ஸ்ரேயாவுக்குத் தலை பின்னிவிட்டாள்.

"பாத்தியா," என்றான் மோகன். "கவர்மென்ட் மருந்துன்னு இளக்காரமாப் பேசுவே. எவ்வளவு சீக்கிரம் கேக்குது பாரு." அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். அடுத்த வேளை மறந்துவிடக் கூடாது என்று மொபைலில் அலாரம் வைத்துக்கொண்டான்.

ராஜிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. கடைக்காரர்கள் கொடுத்தபோது அவர்கள் யாரோ. இப்போது அவன் நேரம் பார்த்துக் கொடுக்கிறான், நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறான், கொடுத்துவிட்டுச் சந்தோஷப்படுகிறான். உடம்பு சமாதானமாகிவிட்டிருந்தது, மனசு மட்டும் அறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் அலாரம் அடித்தது. ஸ்ரேயா கீழ்வீட்டில் விளையாடப் போயிருந்தாள். மோகன் மாத்திரையோடும் வெந்நீரோடும் வந்தான்.

"என்னங்க, அதைக் கீழ வைங்க."

"ஏன், வயித்தைப் புரட்டுதா?"

"இல்ல. ரெண்டு வருஷமா நான் இதைத்தான் போட்டுட்டிருக்கேன்."

"எதை?"

"இதே மருந்து. வேற பேர்ல, கடையில வாங்கி. வலிக்கு இல்ல. இது இல்லாட்டி என்னால இருக்க முடியல. எனக்கு வந்தது காய்ச்சல் இல்லைங்க. நிறுத்திப் பாத்தேன், அதான்."

மோகன் உள்ளங்கையைப் பார்த்தான். மாத்திரையைக் கொடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

"மாத்திரையே போடமாட்டான்னு அந்த டாக்டர்கிட்ட சொன்னேனே."

"ஆமா."

"நீ பக்கத்துலதான நின்னே."

"ஆமா."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

அவள் அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தாள். "மதுரையில ஒரு டாக்டருக்கு. கம்ப்யூட்டர்ல பேசுவேன். அப்புறம் அந்த நெட் சென்டர்காரருக்கு."

"நெட் சென்டர்காரனுக்குத் தெரியும்," என்றான் அவன் மெதுவாக. "எனக்குத் தெரியாது."

மாத்திரையை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ராஜி மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். வெந்நீர் ஆறியது. அவள் மாத்திரையைத் தொடவில்லை. அது ஒன்றும் வீரம் இல்லை. காலையில் போட்டது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் அவன் திரும்பி வராவிட்டால் என்ற எண்ணம் வந்ததும், மாத்திரை இல்லாமலே கால் ஆட ஆரம்பித்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் வந்தான். சட்டை வேர்த்து நனைந்திருந்தது. எங்கேயெல்லாம் நடந்தானோ. மேஜையைப் பார்த்தான். மாத்திரை அங்கேயே இருந்தது.

"இப்ப இதைப் போடணுமா, கூடாதா? எனக்குத் தெரியல. யாரைக் கேக்கணும்?"

"அந்த டாக்டரை."

"கூப்பிடு."

"நம்பர் இல்ல. நெட் சென்டருக்குத்தான் போகணும்."

ஸ்ரேயாவைக் கீழ்வீட்டிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். பாரடைஸ் சந்திப்பில் அவன் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கடந்தான்.

சூசைராஜ் அவர்களைப் பார்த்ததும் எழுந்தான். கடைசி கேபினைக் கையால் காட்டினான், போய் ஃபேனைப் போட்டான். உண்மையிலேயே பெரிய சத்தம். ராஜி மெயில் போட்டாள்: அவசரம், வீட்டுக்காரருடன் வந்திருக்கிறேன். கிளினிக் முடியும் நேரம் போலிருக்கிறது. சற்று நேரத்தில் டாக்டரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு வந்தது.

"புதன்கிழமை அழுதுட்டுப் போனீங்களேன்னு ரெண்டு மெயில் போட்டேம்மா, பதிலே இல்லையே. பின்னாடி நிக்கறது யாரு? உக்காரச் சொல்லுங்க, வயிறுதான் தெரியுது."

சூசைராஜ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கதவு வழியாக நீட்டினான். மோகன் உட்கார்ந்தான். இடம் போதாமல் அவன் முழங்கால் அவள் முழங்காலில் இடித்தது.

"வாங்க சார். இத்தனை நாளா உங்களைத்தான் கேட்டுட்டிருக்கேன். மாத்திரை உங்ககிட்டதான இருக்கு? வேளைக்குச் சரியாக் குடுக்கறீங்களா?"

மோகன் ராஜியைத் திரும்பிப் பார்த்தான்.

"டாக்டர், அது பொய்," என்றாள் அவள். "இவருக்கு இன்னிக்குத்தான் தெரியும். மாத்திரை எங்கிட்டயேதான் இருந்துச்சு. புதன்கிழமையோட எல்லாத்தையும் கொட்டிட்டேன். இன்னிக்குக் காலையில டிஸ்பென்சரில இதையே குடுத்தாங்க. ஒண்ணு போட்டேன்."

டாக்டர் அசையாமல் இருந்தார். நெட் நின்றுவிட்டது என்று நினைத்து ராஜி மவுஸைத் தொட்டாள்.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றார் அவர். "எந்த நம்பிக்கையில நான் அளவு சொல்லிட்டிருந்தேன்? மதுரையில உக்காந்துட்டு என்னால உங்க பையைத் திறந்து பாக்க முடியாதும்மா. நீங்க சொல்றதுதான் எனக்குக் கண்ணு."

"மன்னிச்சுக்குங்க டாக்டர்."

"அது அப்புறம். இன்னிக்கு ராத்திரி அந்த மாத்திரையைப் போடுங்க. புதன்கிழமை எங்க இருந்தோமோ அங்கேர்ந்து மறுபடி இறங்குவோம். சார், நீங்கதான் குடுக்கணும்."

"நானா?" மோகன் திரையை நோக்கிக் குனிந்தான். "காலையிலேயும் நான்தான் குடுத்தேன் சார். இவளுக்கு என்னன்னே தெரியாம. மறுபடி நானே கையால குடுக்கணும்னா..."

"தெரியாமக் குடுத்தது வேற. இப்ப தெரிஞ்சு குடுக்கறீங்க. குறைச்சுக் குறைச்சுக் குடுக்கறீங்க. அவங்க கேட்டு அழுதாலும், அதிகமாக் குடுக்கக் கூடாது. திட்டினாலும், குடுக்காம இருக்கக் கூடாது. ரெண்டாவதுதான் கஷ்டம்."

மோகன் கேபின் கதவை இழுத்துச் சாத்தினான். பிறகு கேட்டான். "இது என் ஆபீசுக்குத் தெரியவருமா சார்?"

ராஜி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னால வராது," என்றார் டாக்டர். "நேர்ல ஒருதடவை கூட்டிட்டு வாங்க. ரத்தம், இதயம் எல்லாம் பாக்கணும். அதுவரைக்கும் நான் அரைக் கண்ணோடதான் வைத்தியம் பாக்கறேன்."

ஆகஸ்டில் மதுரைக்குப் போனார்கள், குலதெய்வம் கோயிலுக்கு என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு. நேரில் டாக்டர் திரையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். அரை நாள் பரிசோதித்தார். முதுகுக்குத் தனியாக ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கச் சொல்லி, ஹைதராபாதில் பேகம்பேட்டிலேயே ஒருவர் பெயரைக் கொடுத்தார். ரயிலில் திரும்பும்போது மோகன் கேட்டான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான வண்டி ஓட்டினீங்க. உங்களால வந்ததுன்னு நினைச்சுப்பீங்க."

"நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், ரெண்டு வருஷமா," என்றான் அவன். ஜன்னல் வழியே இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

செப்டம்பரில் தனித் தெலங்கானா மாநிலம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. பஸ் ஓடவில்லை. அடிக்கடி கடையடைப்பு, நெட் சென்டரும் பாதி நாள் மூடியிருந்தது. மோகன் யாரிடமும் கேட்காமல் ஒரு டேட்டா கார்டு வாங்கி வந்தான். வீட்டில் நெட் கூடாது என்று இத்தனை வருடம் பிடிவாதமாக இருந்தவன். பழைய லேப்டாப் ஒன்றை இரவல் வாங்கி, சிக்னல் கிடைக்கும் பால்கனி ஓரத்தில் வைத்தான். அந்த மாதங்களில் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. டாக்டர் பாதி வாக்கியத்தில் காணாமல் போவார். ‘தூக்கம் எப்ப...’ என்ற முகம் அப்படியே நின்றிருக்கும். ராஜி அந்த நின்ற முகத்துக்கே பதில் சொல்லி முடிப்பாள்.

மாத்திரைகள் மோகனின் அலமாரியில், பூட்டுக்குள். அளவு குறைகிற வாரமெல்லாம் அவள் அவனை வெறுத்தாள். ஒருமுறை சாவியைக் கேட்டுச் சண்டை போட்டாள். ஸ்டோர்ஸ் கிளார்க்கு புத்தி என்று சொன்னாள். அவன் அந்த வேளைக்கு உரியதை மட்டும் எடுத்துவந்து வைத்தான். பிறகு இருவரும் கிளம்பி நடப்பார்கள். சாயங்காலம் மார்க்கெட் ஓய்ந்திருக்கும். கோஸ் இலையும் நசுங்கிய தக்காளியும் மிதிபடும் பாதையில் அவள் வேகமாகப் போவாள், அவன் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவான். ஸ்ரேயாவுக்கு ‘அம்மாவுக்குக் காலில் ஒரு வியாதி, நடந்தால் சரியாகும்’ என்று சொல்லியிருந்தார்கள். அவள் சில நாள் கூட வந்தாள், தெலுங்கில் பள்ளிக்கூடக் கதை பேசிக்கொண்டு.

தீபாவளி முடிந்து ஒரு மாதம் இருக்கும். மோகன் ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தபோது ராஜி கதவருகில் வந்து நின்றாள்.

"நான் இன்னிக்கு வாங்கிட்டேன்."

அவன் ஒரு ஷூவோடு அப்படியே படியில் உட்கார்ந்தான். "எத்தனை போட்டே?"

"ரெண்டு. மிச்சம் இந்தாங்க."

அட்டையை வாங்கிக்கொண்டான். "வலிச்சுதா?"

"இல்ல. வலிக்கவே இல்ல. பேகம்பேட்டுல அந்தக் கடை வாசல்ல கால் தானா நின்னுருச்சு. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

அவன் முகத்தில் கோபம் வந்தது, போயிற்று. இன்னொரு ஷூவையும் கழற்றினான். "எப்பப் போட்டே?"

"மதியம்."

"சரி. டாக்டருக்கு மெயில் போடு. நான் முகம் கழுவிட்டு வரேன்."

தேவசகாயம் திட்டவில்லை. ஒரு படி ஏற்றி, கொஞ்ச நாள் அங்கேயே நிறுத்தி, மறுபடி இறக்கினார். பிசியோதெரபிஸ்ட்டிடம் வேறு வழியாகச் சுற்றிப் போகப் பழகிக்கொள்ளச் சொன்னார். அந்தக் கடை அந்த வழியில் வராது. சூசைராஜ் முன்னால் ஒருநாள் ராஜி தானே போய் நின்றாள். கோபித்துக்கொண்டு போனதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று போனவள், "கடைசி கேபின் இப்ப யாருக்கு?" என்று மட்டும்தான் கேட்டாள். "துபாய்ல புருஷன் இருக்கற ஒரு பொண்ணுக்குக்கா," என்றான் அவன். "அதுவும் அழும்."

சங்கராந்தி போய், கோடையும் பாதி கழிந்தபோது பூட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு ராஜிக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. முதுகு வலித்தது, குனிந்தால் இன்னும் வலிக்கும். சில சாயங்காலங்களில் தொடைக்குள் அந்த ஊர்தல் வரும், எழுந்து நடந்துவிட்டு வருவாள். மலைப்பிரதேசத்து டாக்டரின் குறிப்புகளைத் தனக்குத் தர வேண்டாம் என்று டீம் லீடரிடம் கேட்டுக்கொண்டாள். காரணம் கேட்டதற்கு, உச்சரிப்பு புரியவில்லை என்று சொன்னாள்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை டாக்டர் சொன்னார். "இனி வாராவாரம் வேண்டாம்மா. மாசம் ஒருதடவை போதும்."

மோகன் அவளைப் பார்த்தான்.

"வாராவாரமே இருக்கட்டும் டாக்டர்."

"எதுக்கு? சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு போன வாரமே சொன்னீங்க."

"சொல்றதுக்கு இல்லைன்னு சொல்றதுக்காவது வரேனே."

டாக்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை. அதுக்கு மேல பேரம் கிடையாது."

"ஹவ், டாக்டர்," என்றாள் ராஜி, சரி என்பதற்கு, ஊர்ப் பழக்கத்தில். மதுரைக்காரருக்கு அது புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினார். மோகன் டேட்டா கார்டோடு லேப்டாப்பை எடுத்து ஸ்ரேயாவிடம் கொடுத்தான். அவள் ப்ராஜெக்டுக்கு ஏதோ தேட வேண்டும் என்று வெகு நேரமாக அவர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.